மீட்டரில் 30 டிகிரி. பாம்பு ஏன் தண்ணீரிலேயே கிடக்கிறது?

கேள்வி: என் தம்பி மேற்படிப்புக்காகக் கனடா போனபோது, தன்னுடைய நான்கு வயது ஆண் பால் பைத்தானை (Ball python, ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை) என்னிடம் விட்டுப் போனான். வேளச்சேரியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே எங்கள் வீடு. ஹாலில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. அதன் அடியில் ஒரு பக்கம் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), நேராக பிளக்கில் செருகியிருக்கிறது. உள்ளே நாலு விரற்கடை உயரத்துக்கு கோகோ பீட். இரவில் ஒரு சிவப்பு பல்பு எரியும். தம்பி எழுதிவைத்த தாளில் ‘சூடான பக்கம் 90, குளிர்ந்த பக்கம் 78’ என்று இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வட்ட மீட்டரோ 30 காட்டுகிறது. ஏப்ரல் தொடங்கியதிலிருந்து ஏழு வாரமாகப் பாம்பு சாப்பிடவில்லை. பகல் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்தில் சுருண்டு கிடக்கிறது. நேற்று தூக்கிப் பார்த்தபோது வயிற்றில் இரண்டு மூன்று செதில்கள் பழுப்பாக மாறியிருந்தன. ராத்திரி ஹாலில் ஏசி 23-ல் ஓடும், அது அதிகக் குளிரா? கரண்ட் போனால் என்ன செய்ய? அம்மா கேட்கச் சொன்னார்: அந்தச் சிவப்பு விளக்கு விடிய விடிய எரியத்தான் வேண்டுமா?

— வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மேற்கொண்டு படிக்கும் முன் எழுந்துபோய் அந்த ஹீட் மேட்டின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வாருங்கள். மே மாதச் சென்னையில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் வீட்டில், இரண்டு மூன்று நாள் அது இல்லாததால் உங்கள் பாம்புக்கு எந்தக் கேடும் வராது. இன்று ராத்திரியிலிருந்து ஏசியை 26-க்கு ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். சரி, இப்போது காரணத்தைச் சொல்கிறேன்.

உங்கள் மீட்டரைச் சந்தேகப்பட வேண்டாம். அது ஒட்டியிருக்கும் இடத்தில், தரையிலிருந்து அரையடி உயரத்தில், காற்று 30 டிகிரியாகவே இருக்கலாம். ஆனால் பாம்பு அங்கே இல்லையே. அதன் வயிறு படுகிற இடத்தில் எவ்வளவு சூடு என்று இதுவரை உங்கள் வீட்டில் யாரும் அளந்து பார்க்கவில்லை. ஹீட் மேட் காற்றை அதிகம் சூடாக்காது. தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளைத்தான் சூடாக்கும். நேராக பிளக்கில் செருகினால் அதற்கு நிறுத்தத் தெரியாது. அறை 22 டிகிரியில் இருந்தாலும் 35 டிகிரியில் இருந்தாலும் ஒரே மாதிரி சூட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தை மாதத்தில் உங்கள் தம்பிக்கு இது பிரச்சினை இல்லாமல் ஓடியிருக்கும். அப்போது அறை குளிர்ந்திருந்தது, மேட் கொடுத்த சூட்டில் பாதியை அறையே வாங்கிக்கொண்டது. இப்போது அறையே கொதிக்கிறது. அந்தச் சூட்டுக்கு மேல் மேட் தன் சூட்டையும் ஏற்றுகிறது.

அதோடு கோகோ பீட் வேறு. தேங்காய் நார்த்தூள் காய்ந்துவிட்டால் கம்பளி மாதிரிதான். மேட்டின் சூடு மேலே வர முடியாமல் கண்ணாடிக்கும் நார்த்தூளுக்கும் நடுவில் தேங்கிவிடும். மேலே கை வைத்துப் பார்த்தால் இதமாக இருக்கும். அதே இடத்தில் நார்த்தூளை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடித் தரையில் கை வைத்தால் சட்டென்று எடுத்துவிடுவீர்கள். இப்படிப்பட்ட தொட்டிகளில் தரை 45 டிகிரி காட்டியதை நானே அளந்திருக்கிறேன்.

பாம்பு ஏன் அந்த அடித்தரைக்குப் போகிறது என்று கேட்பீர்கள். பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளைச் சேர்ந்தது. உலகச் செல்லப்பிராணிச் சந்தைக்குப் போனவற்றில் பெரும்பகுதி கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து ஏற்றுமதியானவை, அல்லது அவற்றின் வாரிசுகள். அங்கே இது பகலை எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் கழித்துவிட்டு இருட்டிய பிறகு வெளியே வரும். வெயில் தாங்கவில்லை என்றால் அதற்குத் தெரிந்த வழி மண்ணுக்குள் இறங்குவது. அந்த ஊரில் கீழே இறங்கினால் குளிர்ச்சி. உங்கள் தொட்டியில் கீழே இறங்கினால் அடுப்பு. தப்பிக்கப் போன இடத்திலேயே அதற்குச் சுட்டிருக்கிறது. வயிற்றில் நீங்கள் பார்த்த பழுப்புச் செதில்கள் பெரும்பாலும் அதனால் வந்த தீப்புண்ணாக இருக்கும்.

இதில் எனக்கு எப்போதும் மனதை உறுத்தும் ஒரு விஷயம் உண்டு. பால் பைத்தானின் மேலுதட்டு ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை வெப்பத்தை உணரும் உறுப்புகள். கும்மிருட்டிலும் எலியின் உடல்சூடு அதற்கு அவற்றின் வழியே தெரிந்துவிடும். அந்தக் குழிகளின் நரம்புகளில் வெப்பத்தை உணரும் புரதம் எது என்று 2010-ல் கண்டுபிடித்தார்கள். அந்த ஆய்வை நடத்திய குழுவின் தலைவர்களில் ஒருவரான டேவிட் ஜூலியஸுக்கு, சூட்டையும் தொடுதலையும் உடல் எப்படி உணர்கிறது என்ற ஆராய்ச்சிக்காக 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அத்தனை நுட்பமான கருவி முகத்தில் இருந்தும், வயிற்றுக்குக் கீழே இருக்கும் சூட்டில் பாம்பு மணிக்கணக்காகப் படுத்துக் கிடந்து வெந்துபோகிறது. நாம் சுடு பாத்திரத்திலிருந்து கையை உதறி எடுப்பதுபோல அது விலகுவதில்லை. ‘சுட்டால் தானே நகர்ந்துவிடும்’ என்று நம்பி என்னிடம் வந்த குடும்பங்கள் பல. அது நகராது. அதற்காக நாம்தான் அளக்க வேண்டும்.

தண்ணீர்க் கிண்ணத்தில் கிடப்பதற்கும் இப்போது காரணம் தெரிந்திருக்கும். தொட்டி முழுவதிலும் சூடு குறைந்த இடம் அந்தக் கிண்ணம் ஒன்றுதான். ஒரே ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். உண்ணிப் பூச்சி பிடித்தாலும் பாம்பு தண்ணீரிலேயே கிடக்கும். கிண்ணத்தின் அடியில் மிளகை நுணுக்கிப் போட்டதுபோல் கறுப்புப் புள்ளிகள் கிடக்கின்றனவா, கண்ணைச் சுற்றியும் தாடைக்குக் கீழும் ஏதாவது ஊர்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் காட்டி மருந்து கேளுங்கள். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தை நீங்களாகப் போட்டுவிடாதீர்கள்.

தம்பியின் தாளில் இருக்கும் 90-ம் 78-ம் ஃபாரன்ஹீட் கணக்கு. அமெரிக்கக் குறிப்பு எதையோ பார்த்து எழுதியிருப்பார். நம் கணக்கில் அவை சுமார் 32, 26 டிகிரி செல்சியஸ். எண்கள் சரியானவைதான். ஆனால் அவை ஒரே தொட்டிக்குள் ஒரே நேரத்தில் இருக்க வேண்டிய இரண்டு முனைகள். பலர் அந்த 32-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு தொட்டி முழுவதையும் 32 ஆக்கிவிடுவார்கள்.

பாம்பைக் குளிர் ரத்தப் பிராணி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்தப் பெயர் நம்மைக் குழப்பிவிடுகிறது. அதன் ரத்தம் எப்போதும் குளிர்ந்து கிடப்பதில்லை. தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாமல், இடம் மாறி மாறி வெளியிலிருந்து எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். (இதிலும் விதிவிலக்கு உண்டு. நம் காடுகளில் இருக்கும் மலைப்பாம்பின் பெண், முட்டைகளைச் சுற்றிக்கொண்டு தசைகளை விட்டுவிட்டுத் துடிக்கவைத்து, அவற்றுக்குச் சூடு கொடுக்கும். மனிதன் நடுங்குவதைப் போலத்தான்.) எலி ஒன்றை விழுங்கிய பிறகு செரிக்க அதிகச் சூடு வேண்டும், அப்போது சூடான பக்கம் போகும். சும்மா இருக்கும்போது குளிர்ந்த பக்கம் வரும். நோய் வந்தால் மறுபடி சூட்டைத் தேடும். எந்த நேரத்தில் எது வேண்டும் என்று அதற்குத் தெரியும், நமக்குத் தெரியாது. அதனால் நாம் கொடுக்க வேண்டியது ஒரு முனையில் 31, 32-ம் மறுமுனையில் 25 முதல் 27 வரையும் இருக்கிற ஒரு சரிவு. இரண்டு முனையிலும் ஒளிந்துகொள்ள முனைக்கொரு மறைவிடம். ஒரு பக்கம் மட்டும் மறைவிடம் வைத்தால் பாம்பு சூட்டைவிடப் பாதுகாப்பைத்தான் தேர்ந்தெடுக்கும். வெந்தாலும் மறைவிலேயே கிடக்கும். பாதியாக உடைந்த மண்பானையைக் கவிழ்த்து வைத்தாலே போதும். விளிம்பை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிடுங்கள்.

அளப்பதற்கு அந்த வட்ட மீட்டர் வேண்டாம், எடுத்துவிடுங்கள். நீளமான ஒயரும் முனையில் சென்சாரும் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்குங்கள், விலை அதிகமில்லை. வாங்கியதும் ஒரு டம்ளரில் ஐஸை நன்றாக நொறுக்கிப் போட்டு, அது மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, சென்சாரை நடுவில் விட்டு ஐந்து நிமிடம் கலக்குங்கள். பூஜ்ஜியத்துக்கு ஒரு டிகிரி முன்னே பின்னே காட்டினால் நல்ல கருவி. மூன்று டிகிரி தள்ளிக் காட்டினால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு சென்சார் சூடான பக்க மறைவிடத்துக்குள், பாம்பு படுக்கும் தரையில் இருக்கட்டும். இன்னொன்று குளிர்ந்த பக்க மறைவிடத்துக்குள். நெற்றிக்கு நேராகக் காட்டும் காய்ச்சல் துப்பாக்கி இதற்குச் சரிவராது. அது மனித உடல்சூட்டு அளவுக்குள் மட்டும் காட்டும்படி செய்யப்பட்டது. ஏசி மெக்கானிக்குகள் வைத்திருப்பார்களே, அந்த வகை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கிடைத்தால் நல்லது.

அடுத்தது தெர்மோஸ்டாட், அதாவது குறித்த சூடு வந்ததும் மேட்டைத் தானே அணைத்து, குறைந்ததும் மறுபடி போடும் கருவி. மேட்டை இனி ஒருபோதும் அது இல்லாமல் செருகாதீர்கள், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஊர்வனவற்றுக்கென்றே வரும் வெளிநாட்டுத் தெர்மோஸ்டாட் கிடைத்தால் வாங்குங்கள். இல்லையென்றால் கோழி முட்டை பொரிக்கும் இன்குபேட்டருக்கு விற்கிற டிஜிட்டல் கன்ட்ரோலர் ஹீட் மேட்டுக்குப் போதும். வயரிங்கை மட்டும் எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து மூடிய பெட்டிக்குள் செய்துகொள்ளுங்கள், பக்கத்திலேயே தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறது. 32-ல் நிற்கவும் 31-ல் தொடங்கவும் அமைக்க வேண்டும். அதன் சென்சாரை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மேட்டுக்கு நேர் மேலே, தொட்டியின் உள்ளே, கண்ணாடித் தரையோடு ஒட்டி இருக்க வேண்டும். அதன்மேல் கோகோ பீட் அரை விரற்கடைக்கு மேல் வேண்டாம். சூடில்லாத பாதியில் எவ்வளவு ஆழமாகப் போட்டாலும் தவறில்லை, அங்கே பாம்பு ஆசைதீர மண்ணுக்குள் போகட்டும். சென்சாரை டேப் போட்டு உள்ளே ஒட்டாதீர்கள். பசையில் செதில் சிக்கிய பாம்பை விடுவிப்பது எனக்கும் அதற்கும் வேதனையான வேலை. ஒயரைக் கண்ணாடிக்கு வெளியே இறுக்கிக் கட்டி, உள்ளே ஒரு தட்டையான கல்லை வைத்து அமுக்கிவிடலாம். இந்த மலிவு கன்ட்ரோலர்களில் மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் ரிலே சில சமயம் ஒட்டிக்கொண்டு, அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குத்தான் தனியாகத் தெர்மாமீட்டர் கேட்டேன். தினமும் காலையில் காபி போடும்போது ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். தெர்மோஸ்டாட்டுக்குச் சூட்டை நிறுத்தத் தெரியும், குறைக்கத் தெரியாது. ஹால் 36 டிகிரி இருந்தால், மேட் அணைந்திருந்தாலும் தொட்டி 36-தான். நாம் பார்க்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதியவை. சூட்டை எப்படிக் கூட்டுவது என்றுதான் அவற்றில் பக்கம் பக்கமாக இருக்கும். நமக்கு மார்ச் முதல் ஜூலை வரை வேலையே வேறு. பாம்புக்கு ஒரு குளிர்ந்த மூலையைக் காப்பாற்றிக் கொடுப்பது. அந்த மாதங்களில் பகலில் உங்கள் மேட் பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். கருவி கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம்.

மொட்டை மாடியின் காங்கிரீட் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி பத்து மணிவரை கீழே இறக்கும் என்பது உங்களுக்கே தெரியும். தொட்டி அலமாரி மேல் இருந்தால் இறக்கி, தரையிலிருந்து ஓரடிக்குள் வையுங்கள். சூடான காற்று மேலேதான் நிற்கும், இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் கண்முன்னே தெரியும். மேற்கு பார்த்த சுவரோ ஜன்னலோ பக்கத்தில் கூடாது. பிற்பகலில் குளிர்ந்த பக்கம் 30-ஐத் தாண்டினால், உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி, தொட்டிக்கு வெளியே அந்தப் பக்கக் கண்ணாடியோடு சாய்த்து வையுங்கள், அல்லது வலை மூடியின் அந்தப் பக்க ஓரத்தில் படுக்கவையுங்கள். மேலிருந்து இறங்கும் குளிர்ச்சி நன்றாக வேலை செய்யும். கிண்ணத்துக்குள் ஐஸ் போட வேண்டாம். ஈரத் துணி போர்த்துகிற வழி மதுரையிலும் திருச்சியிலும் கைகொடுக்கும். கடற்காற்றின் ஈரம் நிறைந்த சென்னையில் அந்தளவு பலன் தராது, காற்றோட்டத்தையும் அடைத்துவிடும்.

குளிர்ந்த பக்கமே 34, 35 ஆகிவிட்டால் அது ஆபத்து. பாம்பு வாயைத் திறந்து மூச்சு வாங்கும், நிலைகொள்ளாமல் சுற்றும், பிறகு தலையை நேராகப் பிடிக்க முடியாமல் தள்ளாடும். அப்போது குளிர்ந்த அறைக்கு மாற்றி, சூடேறாத சாதாரணக் குழாய்த் தண்ணீரில் உடலை மட்டும் நனைத்தபடி மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஐஸ் தண்ணீர் கூடவே கூடாது. கொஞ்சம் சூரிய ஒளி படட்டும் என்று கண்ணாடித் தொட்டியோடு பால்கனியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனவர் ஒருவர், திரும்பி வந்து தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். என்னால் காப்பாற்ற முடியவில்லை. மூடிய காரும் அப்படித்தான். சூடு கொல்வது போன்ற வேகத்தில் குளிர் கொல்லாது.

அதனால் 23-ல் ஓடும் ஏசி உங்கள் பாம்பைக் கொன்றுவிடாது. ஆனால் இரவெல்லாம் 23-ல் இருந்து, ஒதுங்க ஒரு சூடான இடமும் இல்லையென்றால், செரிமானம் நின்றுவிடும். சாப்பிட்டிருந்தால் கக்கிவிடும். வாரக்கணக்கில் அப்படியே போனால் சளி பிடிக்கும். மூக்கில் குமிழி, மூச்சில் விசில் சத்தம் வந்தால் அதுதான். தெர்மோஸ்டாட்டோடு மேட் ஓடும்போது இந்தக் கவலை இல்லை. ஏசி குளிர்விக்கும் நேரம் பார்த்து அதுவே சூடான மறைவிடத்தை 31-க்குக் கொண்டுவந்துவிடும், பகலில் தானே அணைந்துவிடும். ஏசியை 25, 26-ல் வைத்து, காற்று நேராகத் தொட்டிமேல் விழாமல் தடுப்பைத் திருப்பிவிடுங்கள். ஏசி காற்றை உலர்த்திவிடும், சட்டை உரிக்கும் சமயத்தில் தோல் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். கண்மேல் இருக்கும் மூடியும் உரியாமல் நின்றுவிடலாம். கண் பால்போல் மங்கியதும் குளிர்ந்த பக்கக் கோகோ பீட்டில் தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். சொதசொதவென்று வேண்டாம், பிழிந்த துணி அளவு ஈரம் போதும்.

கரண்ட் போவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது உங்கள் வேளச்சேரிப் பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட மழைக்காலத்திலும் சென்னை வீட்டுக்குள் 23, 24-க்குக் கீழே போவது அபூர்வம். வெறும் வயிற்றோடு இருக்கும் பால் பைத்தான் அதைச் சில நாள் தாங்கிக்கொள்ளும். தொட்டிக்குப் போர்வை போர்த்தி, காற்றுக்கு ஓர் ஓரம் விட்டுவிட்டால் போதும். புயல் எச்சரிக்கை வந்தால் அந்த வாரம் இரை கொடுக்காதீர்கள். மே மாத மின்வெட்டுதான் எனக்குப் பயம். ஃப்ரீசரில் எப்போதும் இரண்டு பாட்டில் இருக்கட்டும்.

அந்தப் பழுப்புச் செதில்களை இந்த வாரமே ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். பார்வைக்குச் சின்னதாக இருக்கும் தீப்புண் உள்ளே ஆழமாக இருக்கலாம். இரண்டு வாரம் கழித்துத்தான் முழு அளவும் தெரியும். அதுவரை கோகோ பீட்டை முழுவதும் எடுத்துவிட்டு, சமையலறைப் பேப்பர் ரோலை விரித்து, அழுக்கானதும் மாற்றிக்கொண்டே இருங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், பற்பசை எதுவும் போட வேண்டாம். கொப்புளம் இருந்தால் உடைக்காதீர்கள். தண்ணீரில் ஊறிக்கொண்டே இருந்தால் புண்ணில் சீழ் பிடிக்கும். தொட்டி குளிர்ந்த பிறகும் கிண்ணத்தை விட்டு வராவிட்டால், உடல் நுழையாத சின்னக் கிண்ணமாக மாற்றுங்கள்.

சாப்பாட்டுக்கு அவசரப்பட வேண்டாம். வளர்ந்த ஆண் பால் பைத்தான் எந்த நோயும் இல்லாமல் மாதக்கணக்கில் பட்டினி கிடப்பது சகஜம். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள். தொடங்கிய எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் என்னைப் போன்ற ஒரு மருத்துவரிடம் கொண்டுவர வேண்டும். வெப்பம் சரியாகி ஒரு வாரம் அதைத் தொந்தரவே செய்யாமல் விட்டுவிட்டு, மருத்துவர் சரி என்ற பிறகு, இருட்டியதும் வழக்கத்தைவிடச் சின்ன எலியாக ஒன்று கொடுத்துப் பாருங்கள். கட்டாயப்படுத்தி ஊட்டாதீர்கள்.

தம்பியிடம் இன்னொன்றும் கேளுங்கள். அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் (CITES) இரண்டாம் பட்டியலில் உள்ள இனம் பால் பைத்தான். 2022-ல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் 2024-ல் வந்த விதிகளின்படியும் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். இப்போது வைத்திருப்பது நீங்கள் என்பதால், அவர் பெயரில் பதிவு இருந்தாலும் மாற்றவேண்டியது என்ன என்று வனத்துறையில் கேட்டுவிடுங்கள். மண்ணுளிப் பாம்பு போன்ற நம்மூர்ப் பாம்புகளை வளர்ப்பது குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பைத்தான் இருப்பது தெரிந்தால் அக்கம்பக்கத்தில் யாராவது மண்ணுளிப் பாம்பைக் கொண்டுவந்து நீட்டக்கூடும்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். வேண்டாம், அந்தச் சிவப்பு விளக்கை இன்றே கழற்றிவிடலாம். சிவப்பு வெளிச்சம் பாம்புக்குத் தெரியாது என்று சொல்லி அவற்றை விற்கிறார்கள். அது சரியல்ல, வெளிச்சம் அதற்குத் தெரியும். பகலில் ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம், ராத்திரி முழு இருட்டு, இந்த இரண்டும்தான் அதற்குத் தேவை. அம்மா விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கட்டும். தொட்டியின் மூடி பூட்டியிருக்கிறதா என்று மட்டும் படுக்கப் போகும் முன் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.